சந்தைத் திடலில் ஓர் இரவுக்கு இடம் கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சித் தலைவர்களுக்கும், இரு மாவட்டப் பேரூராட்சித் தலைவர்களுக்கும், சுற்றுலாத் துறை அலுவலர்களுக்கும்,

வணக்கம். வண்டியிலேயே தங்கிப் பயணம் போகும் எங்களைப் போன்றவர்கள் இரவில் வண்டியை நிறுத்திக்கொள்ள ஊருக்குள் ஓர் இடம் கேட்டு இதை எழுதுகிறேன்.

நான் அரூர் பக்கத்துக் கிராமங்களில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்து, வீட்டுக் கடனையும் அடைத்த பிறகு, அவர் தம் நெடுநாள் ஆசைப்படி ஒரு பழைய டெம்போ டிராவலர் வேனை வாங்கினார். உள்ளிருந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இருவர் படுக்கப் பலகையும், சின்ன சிலிண்டர் அடுப்பும், எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், வெளியே எடுத்துக் கொட்டும்படியான கழிவுத் தொட்டியோடு ஒரு கழிவறையும் அதில் அமைத்தார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலும் அந்த மாற்றத்தைப் பதிந்திருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழியில் எங்களை நிறுத்தியவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி அதுதான். மற்றப் பாதிப் பேர் கேரவன் என்ற சொல் காதில் விழுந்ததும், "எந்த ஹீரோவுங்க, எங்க ஷூட்டிங்?" என்று கேட்டார்கள். படியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு திரும்பிப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்னமும் சிரிப்பு வருகிறது.

கடந்த மாசி மாதம் இந்த வண்டியில் பதினோரு நாட்கள் உங்கள் இரு மாவட்டங்களையும் சுற்றி வந்தோம். 1965 இல் சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டத்தில் பிறந்தும், அதிலிருந்து 2004 இல் கிருஷ்ணகிரி தனியாகப் போனதைக் கண்டும், எங்கள் இருவருக்கும் சொந்த ஊர், சம்பந்தி ஊர், வேலை பார்த்த ஊர் தவிர வேறு ஊர் தெரியாது. ஒகேனக்கல்லுக்கு மட்டும் நாலைந்து முறை போயிருப்போம். வெளியூர்க்காரர்களும் அப்படித்தான் காலையில் வந்து, அருவியில் குளித்து, பரிசலில் ஏறி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பென்னாகரம் அவர்களுக்கு வண்டி வேகம் குறைக்கும் ஓர் ஊர், அவ்வளவுதான்.

மெதுவாகப் போனால் இந்த மண்ணில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. தீர்த்தமலையில் வெயில் ஏறுமுன் படியேறி, ராமர் தீர்த்தம் பாறையிலிருந்து விழுவதை ஆள் கூட்டமில்லாமல் பார்த்தோம். அரூர்ப் பக்கம் ஒரு கம்பங்கொல்லை ஓரத்தில், வில்லும் அம்பும் ஏந்திய வீரனைச் செதுக்கிய நடுகல்லுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்திருந்தார்கள். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, மீட்கப் போய் மாண்டவர்களுக்கு நட்ட இத்தகைய கற்களை இங்கே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளியிலேயே வேடியப்பன் என்ற பெயரில் ஆண்டுக்கு ஒரு பையனாவது சேர்வான். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கல் இருக்கிறது என்று வகுப்பில் ஒருநாளும் நான் சொன்னதில்லை என்பது அந்த வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது.

பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்குப் போனோம். தொழுநோய் கண்டவர் என்று ரயிலில் ஏற விடாமல் தடுத்த பிறகும், கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய அந்த மனிதர் 1925 இல் கண்ணை மூடியது இந்த ஊரில்தான். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில், 1878 இல் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்த்தோம். மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கற்திட்டைகளுக்கு, அந்தப் பழங்கால ஈமச்சின்னங்களுக்கு, நடுவே ஒரு முழு மாலை நடந்தோம். தமிழ்நாட்டில் இரும்பு புழங்கிய காலத்தை அகழாய்வின் வழியே கி.மு. 2172 வரை பின்னே கொண்டுபோன மயிலாடும்பாறைக்கு, 2022 இல் சட்டப்பேரவையில் அந்த முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே போக வேண்டும் என்றிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வழி கேட்டுத்தான் போய்ச் சேர்ந்தோம். மற்ற இடங்களைச் சுருக்கமாக விடுகிறேன். இக்கடிதம் அவற்றைப் பற்றியதன்று, இரவைப் பற்றியது.

பகல் முழுக்க எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த ஊரிலும் ஒரு புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்திக் களி கிண்டினால் பக்கத்து வீட்டிலிருந்து கீரைக் கடைசல் வந்துவிடும். திண்ணையில் புளியங்காய் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னையும் உட்கார வைத்துக் கையில் ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். இருட்டினால்தான் கதை மாறுகிறது.

ஓர் ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், பேருந்து நிலையத்தின் ஓரமாக எட்டு மணிக்கு வண்டியை நிறுத்திப் படுத்துவிட்டோம். பதினொன்றரை மணிக்குக் கதவைத் தட்டினார்கள். வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ராத்திரியில இங்க வண்டி நிக்கக் கூடாதுங்கம்மா. ஏதாச்சும் ஆயிட்டா நாங்கதான் பதில் சொல்லணும்" என்றார் ஒருவர். சரி, வேறு எங்கே நிறுத்தலாம் என்று என் கணவர் கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது எங்களுக்குத் தெரியாதுங்களே சார்." அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையிலேயே அவர்கள் சுட்டிக்காட்ட ஓர் இடம் இல்லை. கண்புரை அறுவை செய்துகொண்ட என் கணவர், எதிர் வெளிச்சத்தில் கண் கூசக் கூச நெடுஞ்சாலை வரை ஓட்டி வந்து, ஒரு பெட்ரோல் பங்கில் லாரிகளுக்கு நடுவே நிறுத்தினார். அங்கே பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. தொப்பூர்க் கணவாய் விபத்துகளைச் செய்தித்தாளில் படித்துப் படித்து வயதானவர்கள் நாங்கள். இரவில் இந்தச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது என்பதற்காகவே மாலை ஐந்து மணிக்கெல்லாம் ஊருக்குள் தங்கிவிடுகிறவர்களை, நள்ளிரவில் அதே சாலைக்கு அனுப்பியதாயிற்று.

கழிவுத் தொட்டியின் கதையையும் சொல்லத்தான் வேண்டும், கூச்சப்பட்டால் ஆகாது. இருபது லிட்டர் பிடிக்கும் அந்தத் தொட்டி நான்காம் நாள் நிறைந்துவிடும். முதல் முறை ஒரு கட்டணக் கழிப்பிடத்தில் ஐம்பது ரூபாய் கொடுத்து, அங்கிருந்தவர் முகம் சுளித்தபடி அனுமதிக்க, கொட்டிக் கழுவிக்கொண்டோம். இரண்டாம் முறை இரண்டு ஊர்களில் மறுத்துவிட்டார்கள். ஒன்றரை நாள் அதை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து போட்டபடி திரிந்தோம். "அந்த ஓடையில ஊத்திட்டுப் போயிட்டே இருங்க, யாருக்குத் தெரியப் போகுது" என்று நல்ல மனதோடு ஒருவர் யோசனை சொன்னார். நாங்கள் ஊற்றவில்லை. ஆனால் நாளை ஐம்பது வண்டிகள் வந்தால் ஐம்பது குடும்பமும் அப்படியே இருக்கும் என்று என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த ஓடை போய்ச் சேர்வது உங்கள் ஏரியில்தான்.

இதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு சந்தைத் திடல் உண்டு. போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை, நல்லம்பள்ளியில் செவ்வாய், குந்தாரப்பள்ளியில் வெள்ளி. அந்த ஒரு நாள் கால் வைக்க இடமிருக்காது. மீதி ஆறு நாளும் அங்கே நாய்கள் படுத்திருக்கும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். வண்டி வந்து திரும்பும் அகலமும், லாரி நின்று இறுகிய தரையும், பல இடங்களில் மேடையும் கூரையும் ஏற்கனவே இருக்கின்றன. அந்தத் திடலின் ஒரு மூலையில் நான்கைந்து வண்டிகளுக்கு இடம் ஒதுக்கி, ஒரு தண்ணீர்க் குழாய், விடிய விடிய எரியும் ஒரு விளக்கு, உள்ளிருந்து தாழிட முடிகிற ஒரு பெண்கள் கழிப்பறை, கழிவைக் கொட்ட மூடியுள்ள ஒரு தொட்டி ஆகியவற்றை அமைத்துக் கொடுங்கள். சந்தைச் சுங்கத்தை ஏலம் எடுப்பவரே ஓர் இரவுக்கு நூறோ நூற்றைம்பதோ வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கட்டும். சந்தை கூடும் நாளுக்கு முந்திய இரவு மட்டும் எங்களுக்கு இடமில்லை என்று அறிவித்துவிடுங்கள், அடுத்த ஊருக்குப் போய்க்கொள்கிறோம்.

இரண்டு முதியவர்களின் பொழுதுபோக்குக்காகப் பேரூராட்சிப் பணத்தைச் செலவழிக்கலாமா என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு சந்தையில் விடியற்காலை மூன்றரை மணிக்கு எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. வெளி மாவட்டத்திலிருந்து மிளகாய் கொண்டுவரும் ஓர் அம்மாள், முதல் நாள் இரவே வந்து மூட்டைகளின் மேல் சாக்கை விரித்துப் படுத்திருந்தார். எங்கள் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தேன். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவர், "நீங்க உள்ளேயே கட்டி வெச்சிருக்கீங்க டீச்சர். எங்களுக்கு இருட்டுன பொறவு ஒரு தடவை, விடியறதுக்கு முன்னால ஒரு தடவை, அவ்வளவுதான். அதுக்காகவே ராத்திரி தண்ணி குடிக்கறதில்ல" என்றார். பல வருடமாக அவர் அப்படித்தான் வந்து போகிறாராம். ஆகவே நான் கேட்கும் விளக்கையும் குழாயையும் தாழ்ப்பாளையும் முதலில் அனுபவிக்கப் போகிறவர்கள் யார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2023 இல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் இடம் பெற்றிருக்கிறது. கேரவன் பூங்கா நடத்துவோர் துறையிடம் பதிவு செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் 2021 லேயே இதற்கென ஒரு திட்டத்தை அறிவித்தது. எல்லாம் நல்லதே. எனினும் பூங்கா என்றதும் புல்தரை, நீரூற்று, அலங்கார வளைவு, படம் எடுத்துக்கொள்ள ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர் என்று போய்விடாதீர்கள். அப்படி ஒன்று அமைந்தால் அது நெடுஞ்சாலை ஓரத்தில்தான் அமையும், கட்டணமும் விடுதிக் கட்டணம் போல ஏறிவிடும். மாரண்டஅள்ளிக்கும் கம்பைநல்லூருக்கும் கேலமங்கலத்துக்கும் அது ஒருநாளும் வராது. பதினோரு நாளில் டீசல் போக நாங்கள் செலவழித்தது என் கணக்கு நோட்டின்படி 6,840 ரூபாய். அதில் பெரும்பகுதி காவேரிப்பட்டணத்தில் நிப்பட்டு, பாலக்கோட்டில் காய்கறி, வழியெல்லாம் புளி, ஓர் ஊரில் டயர் பஞ்சர், இன்னோர் ஊரில் அறுந்துபோன செருப்பு என்று சின்னக் கைகளுக்கே போயிருக்கிறது. ஊருக்குள் தங்கியதால்தான் அது நடந்தது.

எங்களுக்குக் கிடைத்த நல்ல இரவும் ஒன்று உண்டு. ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டிக்காரர் தம் வளாகத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். இரவு முழுவதும் பிளாஸ்டிக் கிரேடுகளை அடுக்கும் சத்தமும், எண்ணிக்கை சொல்லும் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. தூக்கம் போனதென்னவோ உண்மை, பயம் மட்டும் துளியும் இல்லை. விடிந்ததும், 1791 இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திப்புவிடமிருந்து கைப்பற்றிய மலைக்கோட்டைமேல் ஏறி, இளவெயிலில் கீழே தெரிந்த தக்காளித் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மலையடிவாரத்தில் தூங்கி எழுந்தவர்களால் மட்டுமே அந்த நேரத்தில் அங்கே உட்கார முடியும். ஆனால் ஊருக்கு ஒரு மண்டிக்காரரின் தயவை நம்பிப் பயணம் போக முடியாது.

ஓர் எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளில் எங்களைப் போன்றவர்கள் தங்க இடம் கேட்கவில்லை, கேட்டாலும் நீங்கள் கொடுக்கக் கூடாது. 2014 இல் காவேரி வடக்கு வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பகுதி யானைகளின் வழி. அங்கே அடுப்பு மூட்டுவதும் வாழைப்பழத் தோலை வீசுவதும் அடுத்த வாரம் ஏதோ ஒரு விவசாயியின் கொல்லையில்தான் போய் முடியும். இதற்கு மேல் தங்குமிடம் இல்லை, பொழுது சாயுமுன் திரும்புங்கள் என்று காட்டுக்கு முந்திய கடைசி ஊரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

பலகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தருமபுரிப் பகுதியில் 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கற்கள், அதாவது காதம் என்ற பழைய அளவில் வழித் தூரம் காட்டும் கற்கள், கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் 'அதியமான் பெருவழி நாவற்தாவளத்துக்குக் காதம் 29' என்று வெட்டியிருக்கிறது, எண் மட்டும் தமிழ் எண்ணில். எழுத்துத் தெரியாதவனும் அறிந்துகொள்ளட்டும் என்று, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் அதே கல்லில் குடைந்திருக்கிறார்கள். தாவளம் என்றால் வணிகரும் வழிப்போக்கரும் தங்கும் இடம். படை எடுக்கவும் வரி வாங்கவும் மட்டும் சாலை போட்டிருந்தால், தங்குமிடத்துக்கு எவ்வளவு தூரம் என்று கல்லில் வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்றைய பலகைகளில் பெங்களூருக்கும் சேலத்துக்கும் கிலோமீட்டர் இருக்கிறது. அடுத்த தாவளத்துக்கு எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆனி பிறந்து, கிருஷ்ணகிரிச் சாலைகளில் மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசைகட்டும்போது நாங்கள் மறுபடி புறப்படுகிறோம். இந்த முறை பேத்தியும் வருகிறாள். முதல் இரவை எந்த ஊர்ச் சந்தைத் திடலில் கழிக்கலாம் என்று உங்களில் யாராவது ஒருவர் ஒரு வரி தெரிவித்தால் போதும். ரசீதுக்கான பணத்தைச் சில்லறையாகவே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, கணவரோடு சேர்ந்து