வட்டத் தட்டச்சுப் பயிலகங்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், இன்ஸ்டிடியூட் நடத்தும் அனைவருக்கும் வணக்கம். எத்தனை கூட்டம், யார் யார் வந்தார்கள், டீ செலவு எவ்வளவு என்பதையெல்லாம் இந்த முறை கடைசியில் நாலு வரியில் முடித்துக்கொள்கிறேன். வருஷம் முழுக்க நாம் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: தேர்வில் நடந்த ஆள்மாறாட்டம்.

பிப்ரவரியில் நடந்த அரசுத் தட்டச்சுத் தேர்வில் நம் உறுப்பினர் ஒருவரின் இன்ஸ்டிடியூட் பெயரில் ஜூனியர் (இளநிலை) ஆங்கிலம் எழுத வந்தவர் வேறு ஆள். வேலைக்குப் போகிற ஒருவருக்குச் சான்றிதழ் அவசரமாம், பயிற்சிக்கு வர நேரமில்லையாம், அதனால் சீனியர் (முதுநிலை) முடித்த ஒரு பெண்ணை அவர் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஹால் டிக்கெட்டில் போட்டோ மங்கல், பெயர் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பெயர், யாரும் கவனிக்கவில்லை. மாட்டிக்கொடுத்தது வேகம். ஜூனியருக்குப் பத்து நிமிஷத்தில் 1500 ஸ்ட்ரோக் (விசைத் தட்டல்), ஐந்து தட்டல் ஒரு வார்த்தை என்ற கணக்கில் நிமிஷத்துக்கு 30 வார்த்தை என்பது நமக்குத் தெரியும். சீனியர் என்றால் 45. அந்தப் பெண் ஏழாவது நிமிஷத்திலேயே தாளை உருவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்காணிப்பாளர் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. வருகைப் பதிவில் போட்ட கையெழுத்தையும் ஹால் டிக்கெட்டில் இருந்த கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் இதே தேர்வில் இன்னொரு பையனையும் இதே காரணத்துக்காக எழுப்பி நிறுத்தினார்கள் என்பதையும் எழுத வேண்டும். அவன் தப்பே செய்யவில்லை. ஒரு வருஷம் ஜூனியர் தேர்வுக்குப் பணம் கட்டத் தவறி, வீட்டில் சும்மா இருக்காமல் சீனியர் புத்தகத்தை அடித்துப் பழகியிருக்கிறான், அதனால் அவன் கையும் ஏழு நிமிஷத்தில் அடித்து முடித்து நின்றுவிட்டது. முதன்மைக் கண்காணிப்பாளர் பதறாமல் ஒரு காரியம் செய்தார். பழைய பத்தி ஒன்றைக் கொடுத்து, அதே மெஷினில் ஐந்து நிமிஷம் அடித்துக் காட்டச் சொன்னார், கையெழுத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார், பையனை அனுப்பிவிட்டார். வேகத்தை மட்டும் வைத்து ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் நம்மில் சிலர் அந்தப் பையன் பெயரையும் இன்ஸ்டிடியூட் பெயரையும் அன்றே போட்டுவிட்டீர்கள், அழித்தாலும் படித்தவர்கள் படித்துவிட்டார்கள். அவன் அம்மா என்னிடம் வந்து பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பெண் விஷயம். செயற்குழுவில் இரண்டு கட்சி. "சின்னப் பொண்ணு, சார் சொன்னார்னு உட்கார்ந்துட்டா, வாழ்க்கை போயிடும், அமுக்கிடலாம்" என்றார்கள் ஒரு பக்கம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அமுக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்டார்கள் மறுபக்கம். தேர்வை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், நாம் மெஷின் கொண்டுபோய் இறக்குகிறவர்கள். ஆள்மாறாட்டம் சாதாரணத் தேர்வு ஒழுங்குமீறல் இல்லை, குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 419ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 319ஆம் பிரிவு. 2024இல் வந்த பொதுத் தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்துமா என்று இரண்டு பேர் கேட்டீர்கள். பொருந்தாது, அது மத்திய அரசுத் தேர்வுகளுக்கானது. கடைசியில் தேர்வு மைய அறிக்கையோடு சேர்த்து அந்தப் பெண் எழுதிக் கொடுத்த கடிதமும், பணம் வாங்கியது யார் என்ற விவரமும் மேலே போயின. உறுப்பினரைச் சங்கத்திலிருந்து இரண்டு தேர்வுக் காலத்துக்கு நிறுத்தி வைத்தோம். அவரைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகுதான் நிறுத்தினோம் என்பது பதிவேட்டில் இருக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. நம்மிடம் வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் குரூப் 4 தட்டச்சர் வேலையை மனதில் வைத்து வருகிறவர்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் என்ன நடந்தது என்று ஞாபகமிருக்கும். சில மணி நேரத்தில் மறைந்துபோகும் மையால் குறித்துவிட்டு வந்தார்கள், விடைத்தாள் போகிற வழியில் வேறு ஆட்கள் சரியான விடையைக் குறித்தார்கள், 2020இல் வெளியே வந்தபோது 99 பேருக்கு வாழ்நாள் தடை. அதற்கப்புறம் தேர்வாணையம் செய்ததைப் பாருங்கள். ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம் வைத்தார்கள், வெற்று வட்டம் விட்டால்தானே பிறகு யாரோ நிரப்ப முடியும். A, B, C, D, E ஒவ்வொன்றையும் எத்தனை முறை குறித்தோம் என்று எண்ணி எழுதச் சொன்னார்கள். பெருவிரல் ரேகை வாங்கினார்கள். ஓட்டை எங்கே என்று பார்த்து அடைத்திருக்கிறார்கள்.

நம் ஓட்டை எங்கே? நாம்தான். மெஷின் நம்முடையது, ரிப்பன் சுருண்டாலோ கேரேஜ் (தாளோடு நகரும் மேல்பகுதி) நகராவிட்டாலோ ஸ்க்ரூடிரைவரோடு ஹாலுக்குள் போகிறவரும் நம் ஆள். 'சரி பண்ணிப் பார்க்கிறேன்' என்று இரண்டு வரி அடித்துக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இருபது வருஷத்துக்கு முன் நானும் ஒருமுறை அடித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் தேர்விலிருந்து பழுது பார்ப்பவர் மாணவரின் தாளைக் கழற்றிக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு, வெறும் உருளையில் பழைய காகிதம் சுற்றித்தான் சோதித்தார். மாணவர் இழந்த நிமிஷத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பும் அவருடையதே. எல்லா இன்ஸ்டிடியூட்டும் போட்டோ ஒட்டிய பதிவேட்டில் மாணவரிடமே மாதாமாதம் கையெழுத்து வாங்க வேண்டும், தேர்வு நாளில் அதை மையத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்றும் முடிவானது. ஆகஸ்டில் எட்டுப் பேர் கொண்டு வரவில்லை. பெயர் தனியாகச் சொல்கிறேன்.

மணி அடித்ததும் கையை எடுக்காத பழக்கமும் குறைய வேண்டும். ஐம்பது மெஷின் ஒன்றாக நிற்கும்போது ஒன்று மட்டும் 'டக் டக்' என்று கேட்பது எவ்வளவு அசிங்கம்! இதற்குப் பெரிய விசாரணை ஒன்றும் வேண்டாம், வகுப்பிலேயே மணி வைத்துப் பழக்கினால் போதும்.

வாசலில் '100 சதவீதத் தேர்ச்சி உத்தரவாதம்' போர்டு வைத்திருப்பவர்கள் அதைக் கழற்ற வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறவில்லை. எதிர் இன்ஸ்டிடியூட் கழற்றினால் நானும் கழற்றுகிறேன் என்று எல்லாரும் சொன்னீர்கள். உத்தரவாதம் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டால் பயிற்சிக்கே வராத மாணவனை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பிப்ரவரியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கொண்டு வருவேன்.

மற்றவை: கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன, மழைக்காக ஒன்று தள்ளிப்போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகஸ்டில் மெஷின் ஏற்றிப் போன வண்டிக்கு வாடகை இன்னும் பாக்கி, பங்கு கொடுக்காதவர்கள் இன்று போகும்போது கொடுத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலாளர்