மாப்பிள்ளைக்கு, தோப்பு விஷயமாக

பொள்ளாச்சி,
ஆடி முதல் வாரம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரி எழுதவில்லை என்று நம் சுண்டல் பயலிடம் புலம்பினாயாமே, நீ மட்டும் என்ன எழுதிக் கிழித்தாய்? சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது எழுதுவது உன் தென்னந்தோப்பு விஷயமாக. அதை முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்காமல் போன் போடுவாய் என்பதால் வரிசையாகவே வருகிறேன்.

ஆனிக் கடைசியில் ஒரம்பரை வீடுகளுக்குக் கிளம்பினோம். கோழிக்கோட்டில் சின்னம்மா மகள், காசர்கோட்டில் சகலை, வழியில் சாவக்காட்டில் நம் கூட்டாளி இக்கா. இந்த மழையில் எவனாவது கேரளாவுக்குப் போவானா என்றார் அப்பா. "மழையைப் பார்க்கத்தான் போறோம் மாமா" என்றாள் உன் தங்கச்சி. நியாயம்தானே, ஆனி ஆடியில் நமக்குக் கிடைப்பது காற்றும் நாலு தூறலும். கோவிந்தாபுரம் தாண்டும்வரை அந்தக் காற்றுதான். கொல்லங்கோட்டில் பார்த்தால் நெல்லியாம்பதி மலை முழுக்க வெள்ளை வெள்ளையாக அருவி இறங்குகிறது. நெம்மாறையில் போட்ட வைப்பரைக் காசர்கோடுவரை நிறுத்தவில்லை.

இக்கா கல்யாணத்துக்குப் போனபோது குதிரான் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ராத்திரி பூராவும் நின்றோமே, இப்போது அங்கே சுரங்கப்பாதை. 2021இல் திறந்தது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு பாட்டு முடிவதற்குள் அந்தப் பக்கம் வந்துவிடுகிறோம். நீ வாந்தி எடுத்த வளைவைக் காட்டலாம் என்றிருந்தேன், அதற்கும் வழியில்லை. ஆனால் கடலோர நெடுஞ்சாலையை ஆறு வழியாக்குகிறேன் என்று ஊருக்கு ஊர் தோண்டிப் போட்டு, எங்கே பார்த்தாலும் செம்மண் சேறு. அதைத் திட்ட ஆரம்பித்தால் தாள் பத்தாது.

சாவக்காட்டில் இக்கா இன்னும் அப்படியேதான் இருக்கிறான், தொப்பை மட்டும் துபாய் தொப்பை. ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை அங்கே விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. அதனால் வள்ளத்தில் வந்த மத்தி மட்டும்தான் என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டான். நான் வருத்தப்படவில்லை, சட்டியைக் காலி செய்தேன். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். பாறாங்கல் கொட்டிச் சுவர் போட்டிருந்தும் கடல் மண்ணைக் கரைத்து உள்ளே வந்துவிட்டது. தென்னைகள் வேரைக் காட்டிக்கொண்டு விழுந்து கிடக்கின்றன. நாம் நர்சரியில் சி.ஓ.டி. என்று வாங்கி வைக்கிறோமே, அந்த ஆரஞ்சுக் குட்டைத் தென்னைக்குச் சொந்த ஊர் இதுதான்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுப் பின்புறம் பல் தேய்க்கப் போனவனுக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே ஒரு மரம். கீற்றெல்லாம் விலா எலும்பு மாதிரி உள்பக்கமாக வளைந்து, நடுமட்டை மஞ்சளாகி, ஓலை ஓரம் கருகி நிற்கிறது. வைகாசியில் உன் தோப்பில் தெற்கு வரிசையில் நான் பார்த்தது அச்சு அசல் இதே கோலம். தண்ணீர் பத்தவில்லை என்றார் தோப்பில் இருக்கும் பெரியவர். வெள்ளை ஈ என்றார் எளநி வியாபாரி. 2016இல் நம் பக்கம் வந்ததிலிருந்து வெள்ளை ஈயை நான் பார்க்காததா? அது வந்தால் ஓலைமேல் கரிப்பூசணம் அப்பியிருக்கும். இங்கே அது இல்லை. இக்காவின் உம்மா மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார், "காற்று வீழ்ச்ச." நம் ஊர்ப் பேச்சில் வேர் வாடல்.

கோட்டயம் பக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஆரம்பித்த நோய் இது. திருவனந்தபுரத்திலிருந்து திருச்சூர்வரை தின்றுவிட்டு, இப்போது நம் ஆனைமலைப் பக்கம் நன்றாகவே இறங்கிவிட்டது. பைட்டோபிளாஸ்மா என்று ஒரு கிருமி. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் சாற்றை உறிஞ்சி மரத்துக்கு மரம் கொண்டுபோய் வைக்கும். மருந்து கிடையாது. உரம் போட்டுக் கொஞ்ச நாள் தாக்காட்டலாம், அவ்வளவுதான். இதில் கொடுமை, மரம் சாகாது. செத்தால் மனசு ஆறி வெட்டிவிடலாம். இது காயைக் குறைத்துக்கொண்டே, பக்கத்து மரத்துக்குக் கொடுத்துக்கொண்டே, வருஷக்கணக்கில் நிற்கும்.

உம்மாவிடம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வருஷத்துக்குப் பத்துக் காய்கூடத் தராவிட்டால் வெட்டு, பக்கத்தில் வேறு பிள்ளை வை என்றார். ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வதும் அதே கணக்குதான். ஆனால் அவர்கள் வீட்டு மரம் குழம்புக்கு அரைக்க. இக்காவின் காசு துபாயிலிருந்து வருகிறது. நமக்கு?

பொன்னானியில் மழையோடு மழையாக முகத்துவாரத்தைப் பார்த்தோம். பாரதப்புழை காப்பி நிறத்தில் கடலுக்குள் போகிறது. நம் ஆழியாற்றுத் தண்ணீரும் சித்தூர் வழியாக அதில்தான் போய்ச் சேருகிறது. மணக்கடவில் கேரளாவுக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. அளந்து கொடுக்க எத்தனை பேச்சுவார்த்தை நடக்கிறது! இங்கே அந்த ஆறு அவ்வளவையும் அலட்சியமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நம் கடைமடைக்காரர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள்.

கோழிக்கோட்டில் சின்னம்மா மகள் வீடு பெரிய வீடு, அல்வா நன்றாக இருந்தது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. காசர்கோட்டில் சகலையை இழுத்துக்கொண்டு, 1916இல் ஆரம்பித்த அந்தத் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். "ஒரம்பரை பார்க்க வந்தீங்களா, மரம் பார்க்க வந்தீங்களா" என்று உன் தங்கச்சி காரைவிட்டு இறங்கவில்லை. வாடலைத் தாங்கும் ரகங்கள் இருக்கின்றன, கல்பஸ்ரீ, கல்பரக்ஷா, அப்புறம் கல்ப சங்கரா என்று ஒரு கலப்பு ரகம். இதில் கல்பஸ்ரீ சாவக்காட்டுப் பச்சைக் குட்டையில் பொறுக்கி எடுத்தது. சங்கராவுக்குத் தாயும் அந்தப் பச்சைக் குட்டைதான். நோய் கடுமையாக இருந்த இடங்களில் கெடாமல் நின்ற மரங்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். இவற்றுக்கும் நோயே வராது என்றில்லை, மற்றதைவிடத் தாங்கும்.

இனி விஷயம். ஊர் வந்ததும் உன் தெற்கு வரிசையை மரம் மரமாகப் பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் போய்விட்டது. உன் அப்பா பெயிண்டில் எழுதிய நம்பர்கள் இன்னும் லேசாகத் தெரிகின்றன. காய் நின்றுபோன மரங்களைப் பற்றி எனக்கு ரோசனையே இல்லை, வெட்ட வேண்டியதுதான். பதினாலாம் நம்பர்தான் இடிக்கிறது. எந்த மரம் என்று உனக்குத் தெரியும். காய் இன்னும் குலை குலையாக இருக்கிறது, ஓலை மட்டும் வளைய ஆரம்பித்திருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்தால் வடக்கு வரிசை கொஞ்ச நாள் பிழைக்கும் என்பது என் எண்ணம். உறுதியாகச் சொல்ல முடியாது. என் தோப்பு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், பூச்சிக்கு வாய்க்கால் ஒரு தூரமா? ஆகவே இதில் என் சுயநலமும் இருக்கிறது என்பதை நீ கணக்கில் வைத்துக்கொள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழி எடுத்தால் நல்லது. நாற்றுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும், கேட்டவுடன் கிடைக்காது. உன் அண்ணனிடம் நீயே பேசு. நான் பேசினால் மரத்தை விலைக்குக் கேட்கிறேன் என்று நினைப்பார். முடிவு எதுவானாலும் எனக்கு நேராகச் சொல். சுண்டலிடம் சொல்லி அனுப்பினால் வெட்டுகிற ஆள் வருவதற்குள் விறகு வியாபாரி ஏழு பேர் வாசலில் நிற்பார்கள்.

உன்,
மாப்பிள்ளை