ஆண்டறிக்கை: பிடிக்காதவர்களை எழுதிப் பார்த்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நூலக மாடியில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், வாசகருக்குப் பிடிக்காத கதைமாந்தரை நம்பும்படி எழுதுவது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் வந்த கதைகளில் கெட்டவர் எல்லாருக்கும் துயரமான ஒரு பால்யம் ஒட்டப்பட்டிருந்தது. குடிகாரத் தகப்பன், பசி, அடி. படித்தபோது இரக்கம் வந்தது. ஆனால் அந்த ஆள் இன்றைக்கு ஏன் இதைச் செய்கிறான் என்பது விளங்கவில்லை.

அப்புறம் கம்பனின் மந்தரை சூழ்ச்சிப் படலத்தை எடுத்தோம். கூனியின் பகைக்குக் கம்பன் காட்டும் காரணம் மிகச் சிறியது. முன்னொரு நாள் இராமன் வில்லால் அடித்த மண்ணுருண்டை அவள் மேல் பட்டது. அடித்தவனுக்கு அது விளையாட்டு, பட்டவள் மறக்கவேயில்லை. கைகேயியோ, முடிசூட்டுச் செய்தி கேட்டு மகிழ்ந்து மாலை பரிசளிக்கிறாள். பரதன் பெயரைச் சொல்லிக் கூனி தூண்டியும் அவள் சினக்கத்தான் செய்கிறாள். தசரதனுக்கு அஞ்சித்தான் சனகன் உன் தந்தையை விட்டுவைத்திருக்கிறான், இனி அவருக்கு வாழ்வேது என்று கூனி கேட்கிறாள். அந்தப் பேச்சுக்குப் பிறகே மனம் திரிகிறது. தேவர்களின் மாயையும் சேர்ந்தது என்று கம்பன் சொன்னாலும், பிறந்த வீட்டைப் பற்றிய அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காரணம் சொன்னால் குற்றத்தை நியாயப்படுத்தியது போல ஆகாதா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடையாக வந்தது ஒரு உறுப்பினரின் வட்டிக்கடைக்காரர் கதை. "நடுராத்திரி ஆஸ்பத்திரிச் செலவுக்கு எந்த பேங்க் கதவைத் திறக்கும்? நான் திறந்தேன்" என்கிறார் அவர். அது உண்மையும்கூட. அடுத்த மாதம் அதே வீட்டுத் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஏற்றுவதற்கு முன் தன் துண்டால் அதைத் துடைக்கிறார். கடைசியில் அவர் மனம் மாறி மிஷினைத் திருப்பித் தரலாமே என்று சிலர் சொன்னார்கள். எழுதியவர் மாற்றவில்லை. எழுதியவர் செய்தது சரி என்பதே என் கருத்து. வட்டிக்கடைக்காரரின் தரப்பு முழுதாகப் புரிந்தும் அவரை மன்னிக்க முடியவில்லை, அந்த வீட்டுப் பெண்ணின் இழப்பும் குறையவில்லை.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) நாவல் பற்றிய கூட்டத்தில் வாக்குவாதம் பலமாக இருந்தது. அதன் அம்மாவான அலங்காரம் கணவனல்லாத ஒருவருடன் உறவு வைத்திருப்பவள், அது தவறு என்பதையும் அறிந்தவள். அதற்குப் பரிகாரமாக மகனை வேதம் படிக்க அனுப்புகிறாள், ஆனாலும் அந்த உறவை விடவில்லை. அவளை வெறுத்தவர்களும் அவளை நம்பினார்கள்.

வரும் ஆண்டில் இதே மாந்தரை அவர்களால் பாதிக்கப்பட்டவரின் பார்வையில் எழுதிப் பார்க்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இடம் தந்த நூலகருக்கு நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்