வானம் பொய்த்த காலத்தில் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

மழை இல்லாத காலத்தில் விவசாயக் குடும்பங்களிடம் "உங்கள் விசுவாசம் குறைந்ததால்தான் வானம் அடைபட்டிருக்கிறது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கிணறு வற்றி, தீவனமில்லாமல் மாட்டை விற்று, விதைக்கு வைத்த தானியத்தில் கை வைக்கலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு ஆராதனைக்கு வருகிறவர் அந்த விவசாயி. சாட்சி சொல்லும் நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த வாரம் கடைசி வரிசையில் உட்காருவார். அப்புறம் வரவே மாட்டார்.

இந்த வெட்கம் வேதத்திலேயே இருக்கிறது. எரேமியா 14-ஆம் அதிகாரத்தில் தண்ணீருக்குப் போனவர்கள் வெறும் பாத்திரங்களோடு திரும்புகிறார்கள்; நிலம் வெடித்துக் கிடக்கிறது; பயிரிடுகிறவர்கள் வெட்கித் தலையை மூடிக்கொள்கிறார்கள். பாவத்தைப் பற்றி அங்கே தீர்க்கதரிசி எரேமியாவும் பேசுகிறார். ஆனால் "எங்கள் அக்கிரமங்கள்" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் பேசுகிறார்.

இஸ்ரவேலின் ராஜா ஆகாபின் நாட்களில் மழை நின்றது பாவத்தினால்தானே என்று கேட்பீர்கள். சரி. ஆனால் கர்த்தரே போகச் சொன்ன கேரீத் ஆற்றங்கரையில் இருந்த தீர்க்கதரிசி எலியாவுக்கும் அந்த ஆறு வற்றித்தான் போனது. எலியாவுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. நீதிமான் மேலும் அநீதிமான் மேலும் பிதா மழை பெய்யப்பண்ணுகிறார் என்று இயேசுவும் சொன்னார். அப்படியிருக்க, மழையை வைத்து ஒரு குடும்பத்தின் பக்தியை எப்படி அளப்பது?

தீர்க்கதரிசி ஆபகூக்கின் ஜெபத்தைப் பாருங்கள். அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் தானியம் தரவில்லை, தொழுவத்தில் மாடில்லை; ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அதற்குப் பிறகு பயிர் விளைந்தது என்று ஒரு வரிகூட அங்கே இல்லை. விவசாயிகளின் நம்பிக்கையும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. விளைச்சல் வரும் என்ற உத்தரவாதம் இல்லாமலேயே உழுது போடுகிறார்கள். அவர்களுக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்கும் முன், அவர்களிடமிருந்து கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவர்களின் புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். சங்கீதங்களில் அது நிறையவே இருக்கிறது.

உபவாச ஜெபம் கட்டாயம் வேண்டும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆதி சபையின் நாட்களில் பஞ்சம் வரும் என்று தீர்க்கதரிசி அகபு சொன்னதும், அந்தியோகியா பட்டணத்துச் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து, ஊழியர்களான பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். நம் சபைகளுக்கும் இது முடியும். இந்த வருடம் விவசாயக் குடும்பங்களிடம் தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) பற்றிப் பேச வேண்டாம். கட்டட வேலையைத் தள்ளிவைத்து அந்தப் பணத்தைத் தீவனத்துக்கும் குடிதண்ணீருக்கும் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று மேடையில் வாசிக்காதீர்கள். விதை வாங்கவும் ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். மழை விழுந்த பிறகு கடனுக்கு அலைந்தால் விதைக்கும் பருவம் தவறிவிடும்.

கிறிஸ்துவுக்குள்,
ஒரு விவசாயக் குடும்பத்து விசுவாசி