கார் ஆலையும் எங்கள் பட்டறைகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் தொழில் கட்டுரையில், 'நிலமும் வரிச்சலுகையும் யார் அதிகம் தருகிறார்களோ, அங்கேதான் கார் ஆலை போகும்' என்று ஒரு வரி வந்திருக்கிறது. சென்னை அம்பத்தூரில், இரும்புத் தகட்டை அழுத்திக் கார் உதிரிபாகம் செய்யும் பிரஸ் பட்டறை நடத்துகிறவன் நான். அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

1996இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது அரசு சலுகை கொடுத்தது, சரி. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாடியிலும் அம்பத்தூரிலும் வீலும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் செய்துகொண்டிருந்தார்களே, அது கணக்கில் வராதா? ஏற்றுமதிக்குத் துறைமுகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கார் சீட்டைத் தொலைவிலிருந்து லாரியில் கொண்டுவந்தால் பாதி வாடகை வெறும் காற்றுக்குத்தான் போகும். அதனால்தான் சீட், பம்பர் செய்கிறவர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே இடம் பிடிக்கிறார்கள். கொரிய சப்ளையர்கள் ஹூண்டாயோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்ததும் இப்படித்தான்.

சலுகைதான் எல்லாம் என்றால், சென்னைக்குப் பக்கத்து மறைமலை நகரிலும் குஜராத்தின் சனந்திலும் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் ஏன் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது? பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அந்த நிறுவனமே சொன்னது. கார் விற்காத இடத்தில் எந்தச் சலுகையும் ஆலையைக் காப்பாற்றாது. ஆனால் அப்போது உங்கள் இதழ் தொழிலாளர்கள் மீதே பழி விழும்படி எழுதியது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மின்வெட்டுக் காலத்தில் டீசலுக்குக் கடன் வாங்கி ஜெனரேட்டர் ஓட்டினோம். பாகங்களைத் தாங்கிப் பிடிக்கும் எங்கள் பிராக்கெட் ஒரு மணி நேரம் தாமதமானால் கார் ஆலையில் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்ற பயம். ஆனால் எங்கள் பில்லுக்கு அந்த அவசரம் கிடையாது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எனக்கு மாதக்கணக்கில் இழுத்தடித்தவர்கள் உண்டு. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. இந்த ஊரை நம்பி ஒரு கம்பெனி வருகிறதென்றால், இப்படி ஓடுகிற எங்களையும் நம்பித்தான் வருகிறது. இதையெல்லாம் ஒருநாளாவது எழுதியிருக்கிறீர்களா ஐயா?

அடுத்த முறை புதிய ஆலை பற்றி எழுதும்போது, சலுகைத் தொகையோடு, உதிரிபாகம் எந்த ஊரிலிருந்து வரப்போகிறது என்றும் இரண்டு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகர், அம்பத்தூர்