பாதியில் நின்ற கார்களுக்காக ஒரு வார்த்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். தமிழில் ஸ்டாக் கார் பந்தயம் (சாலைக் கார்களின் தோற்றத்தில் கட்டப்பட்ட கார்களின் பந்தயம்) பற்றி இவ்வளவு விரிவாக எழுதுவது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் 'ஸ்டார்ட் அண்ட் பார்க்' அணிகளைப் பற்றிய பத்தியில், பந்தயத்தைத் தொடங்கிவிட்டுச் சில சுற்றுகளிலேயே வெளியேறிப் பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு போன மோசடிக்காரர்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். அது என்னை மிகவும் வருத்தியது. கோவையில் பந்தயக் கார் இன்ஜின்களைப் பிரித்துக் கோர்க்கும் வேலையில் இருப்பவன் நான். பந்தயத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் என்ன விலை என்று தெரிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த அணிகள் செய்தது என்ன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தகுதிச் சுற்றில் ஓடி இடம் பிடிப்பார்கள். கொடி அசைந்ததும் கிளம்புவார்கள். இருபதோ முப்பதோ சுற்று ஓடியதும் கார் கராஜுக்குள் போய்விடும். முடிவுப் பட்டியலில் 'அதிர்வு', 'பிரேக்', 'சூடேற்றம்', 'மின்கோளாறு' என்று ஏதாவது ஒரு காரணம் பதிவாகும். உண்மைக் காரணம் கராஜில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் தொடரில் கடைசி இடத்துக்கே பல பந்தயங்களில் 60,000 டாலருக்கு மேல் கிடைத்தது. அந்தத் தொடரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-இல் அது 2 லட்சத்தையும் தாண்டியது.

இதைப் படிக்கிறவருக்குச் சும்மா கிடைத்த பணம் என்றுதான் தோன்றும். செலவுக் கணக்கையும் போட்டால்தான் விஷயம் புரியும். அன்று ஒரு செட் டயர் ஏறத்தாழ 2,000 டாலர். 500 மைல் பந்தயத்தை ஒழுங்காக முடிக்கப் பத்து செட் வரை தேவைப்படும். டயர் மாற்றவும் பெட்ரோல் ஊற்றவும் தேர்ந்த பிட் ஆட்களைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இன்ஜின் இருக்கிறது. 500 மைல் முழு வேகத்தில் சுழன்ற இன்ஜினை அப்படியே அடுத்த வாரம் மாட்ட முடியாது. முழுதாகப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மறுபடி கோர்க்க வேண்டும். முப்பது சுற்றோடு நிறுத்திய இன்ஜின் இன்னொரு பந்தயத்துக்கும், ஏன், அதற்கடுத்த பந்தயத்துக்கும்கூடத் தாங்கும். ஸ்பான்சர் இல்லாத அணி முழுத் தூரமும் ஓடி முப்பத்தைந்தாவது இடத்தில் முடித்தால் கூடுதலாகக் கிடைப்பது சில ஆயிரம் டாலர்தான், செலவோ அதைப்போலப் பல மடங்கு. பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காத விவசாயியின் கணக்கு அது. கராஜுக்குள் காரைத் திருப்பிய ஓட்டுநர் யாரும் அதைச் சந்தோஷமாகச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கணக்கை ஏற்படுத்தியவர்கள் அந்த அணிகள் அல்ல. அன்று கப் பந்தயம் என்றால் 43 கார்கள் நிற்க வேண்டும். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள், பெரிய அணிகளே ஒன்றோடொன்று இணைந்து பிழைத்தன. ஆனால் 43 என்ற எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. வரிசையை நிரப்ப யாராவது வர வேண்டியிருந்தது, வந்தவர்களுக்குப் பணமும் கொடுக்கப்பட்டது. தொலைக்காட்சி உரிமைப் பணத்தில் 65 விழுக்காடு பந்தயத் தளங்களுக்கும், 10 விழுக்காடு நாஸ்காருக்கும் போக, மீதி 25 விழுக்காடுதான் பரிசுத் தொகை வழியாக எல்லா அணிகளுக்குமாகப் பிரிந்தது. கட்டுரையாளர் கோபப்பட வேண்டுமென்றால் இந்தப் பங்கீட்டின் மேல்தான் கோபப்பட்டிருக்க வேண்டும்.

இப்படிக் காரை நிறுத்தியவர்கள் யார் என்றும் பார்க்கட்டும். கர்க் ஷெல்மர்டைன் என்றால் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட்டின் க்ரூ சீஃப், அதாவது காரையும் பந்தய உத்தியையும் கவனிக்கும் அணித் தலைவர். 1986, 1987, 1990, 1991 என நான்கு சாம்பியன் பட்டங்களுக்குப் பின்னால் இருந்த மூளை அவர். பிற்காலத்தில் தானே ஓட்டுநராக வேண்டும் என்ற ஆசையில், சொந்தமாகச் சின்னஞ்சிறு அணி ஒன்றை வைத்துக்கொண்டு, பல பந்தயங்களில் ஒரு சில சுற்றுகளோடு திரும்பினார். அதே மனிதர் 2006-இல் டேட்டோனா 500-க்குத் தகுதி பெற்று, முழுத் தூரமும் ஓடி, 20-ஆவது இடத்தில் முடித்தார். பணம் இருந்தவர்கள் எத்தனையோ பேர் அன்று அவருக்குப் பின்னால் வந்தார்கள்! ஜோ நெமெச்செக் கப்புக்கு அடுத்த நிலையான புஷ் தொடரின் 1992 சாம்பியன், கப் தொடரில் நான்கு முறை வென்றவர். கப் தொடரில் தன் சொந்தக் காரைச் சில சுற்றுகளோடு நிறுத்தி, அந்தப் பணத்தை வைத்து அடுத்த நிலைத் தொடரில் முழுப் பந்தயங்களையும் ஓடினார். டாமி பால்ட்வின் 2002 டேட்டோனா 500-ஐ ஓட்டுநர் வார்ட் பர்ட்டனோடு வென்ற க்ரூ சீஃப். 2009-இல் தொடங்கிய சொந்த அணியை அவரும் இந்த வழியில்தான் உயிரோடு வைத்திருந்தார். இவர்களையா மோசடிக்காரர்கள் என்பது?

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் வாங்கி வந்த ரசிகருக்கு 43 கார் என்று சொல்லிவிட்டு ஐந்தாறு கார்களைச் சீக்கிரமே மறைத்தது தவறு. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 2005 முதல் 2012 வரை உரிமையாளர் புள்ளிகளில், அதாவது பந்தய முடிவுகளுக்காகக் காரின் உரிமையாளர் கணக்கில் சேரும் புள்ளிகளில், முதல் 35 அணிகளுக்கு இடம் உறுதி. மிச்சமிருந்த சில இடங்களுக்குத்தான் மற்றவர்கள் வேகத்தில் போட்டியிட வேண்டும். சில சுற்றோடு நிறுத்தப் போகிற அணி, ஒரே ஒரு தகுதிச் சுற்றின் வேகத்துக்காக மட்டும் காரைத் தயார் செய்ய முடிந்தது. முழுப் பந்தயமும் ஓட வந்த சிறிய அணிக்கு அந்த வசதி இல்லை. அப்படி இடம் கிடைக்காமல் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் கோபம் நியாயமானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களும் ஏழை அணிகளே. இரண்டு ஏழைகளை ஓர் இடத்துக்காக மோதவிட்ட விதியை எழுதியவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நம் கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் (பிக்அப் டிரக் பந்தயத் தொடரில்) ஓடியது வாசகர்கள் பலருக்கு மறந்திருக்கும். மார்ட்டின்ஸ்வில் அரை மைல் தளத்தில் முதல் பந்தயத்திலேயே 13-ஆவது இடம். அந்த ஆண்டு அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர்களின் வாக்கில் அவருக்கே கிடைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஃபார்முலா ஒன்னில் ஹெச்ஆர்டி என்ற பணமில்லாத அணியில் இருந்தார். 2011, 2012 இரண்டிலும் மெல்போர்னில், தகுதிச் சுற்றில் மிக வேகமான காரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் ஓட வேண்டும் என்ற விதியால், அந்த அணியின் கார்கள் பந்தயத்தைத் தொடங்கவே முடியவில்லை. 2012 முடிவில் அணியே மூடப்பட்டது. பணமில்லாத அணியில் ஓட்டுநரின் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கோவைக்காரர்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம்.

கட்டுரையாளர் அவசியம் அறிய வேண்டிய பெயர் மைக்கேல் மெக்டவல். 2008-இல் பெரிய அணியில் இருந்த இடம் போனது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் இப்படிப்பட்ட அணிகளில்தான் வண்டி ஓட்டினார். தகுதி பெறு, கொஞ்சம் ஓட்டு, நிறுத்து என்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. வேகமான ஓட்டுநர் ஒருவருக்கு அதைவிடக் கசப்பான வேலை இருக்க முடியாது. ஆனாலும் தொடரை விட்டுப் போகவில்லை. 2021 பிப்ரவரியில், மழையால் பல மணி நேரம் தடைபட்டு நள்ளிரவு தாண்டி முடிந்த டேட்டோனா 500-இன் கடைசிச் சுற்றில், முன்னால் போன கெசலோஸ்கியும் லோகானோவும் மோதிச் சிதற, அவர்களுக்கு நடுவே புகுந்து வென்றார். அவருடைய 358-ஆவது கப் பந்தயம் அது, முதல் வெற்றியும் அதுவே. அன்று அவர் ஓட்டிய ஃப்ரண்ட் ரோ அணியின் கதையும் இதே கதைதான். 2012-இல் அந்த அணியின் இரண்டு கார்கள் முழுத் தூரம் ஓட, மூன்றாவது கார் பந்தயத்துக்குப் பந்தயம் சீக்கிரமே நின்றது. அடுத்த ஆண்டு மே மாதம் டல்லடேகா தளத்தில் அதே அணியின் டேவிட் ரேகன் முதலாவதாகவும் டேவிட் கில்லிலேண்ட் இரண்டாவதாகவும் கோட்டைத் தாண்டினார்கள். அந்த மூன்றாவது காரைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இந்த இரண்டு வெற்றிகளுக்கும் கைதட்டியிருப்பார்கள்.

2016-இல் சார்ட்டர் முறை வந்தது. 36 கார்களுக்கு நிரந்தர இடம், பந்தயத்தில் அதிகபட்சம் 40 கார்கள். மிச்சமுள்ள நான்கு இடங்களில் வருகிறவர்களுக்குக் கிடைக்கும் பணம் மிகக் குறைவு. 'ஸ்டார்ட் அண்ட் பார்க்' கப் தொடரில் ஏறக்குறைய ஒழிந்தது என்று கட்டுரை இதைப் பாராட்டுகிறது. ஒழிந்தது உண்மை. ஆனால் வெறுங்கையோடு வந்து, நின்று நின்று பிழைத்து, ஒருநாள் வெல்லும் இடத்துக்கு வருவதற்கு இருந்த வழியும் அதோடு அடைபட்டது. இனி புதிதாக வருகிறவர் பல மில்லியன் டாலர் கொடுத்து இன்னொருவரிடமிருந்து சார்ட்டர் வாங்க வேண்டும். அந்தச் சார்ட்டர் ஒப்பந்தங்களை எதிர்த்து 2024 அக்டோபரில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் 23எக்ஸ்ஐ அணியோடு சேர்ந்து நாஸ்கார் மேல் வழக்குப் போட்டது யார்? அதே ஃப்ரண்ட் ரோதான். 2025 டிசம்பரில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சமரசமாகி, சார்ட்டர்கள் நிரந்தரமாக்கப்பட்டன. உள்ளே இருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி, எனக்கும் மகிழ்ச்சியே. வெளியே நிற்பவர்களுக்கு அதனால் எதுவும் மாறவில்லை.

அந்த நான்கு திறந்த இடங்களுக்கும் ஓடிய தூரத்தைப் பொறுத்துக் கௌரவமான தொகை கொடுத்தால், காரை நிறுத்த வேண்டிய கட்டாயமும் இருக்காது, புதியவர்களுக்கு வழியும் திறக்கும் என்பது என் கருத்து. தங்கள் கட்டுரையாளர் இந்தச் சார்ட்டர் விவகாரத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும், அதில் ஷெல்மர்டைன், நெமெச்செக், மெக்டவல் போன்றோரையும் மோசடிக்காரர்களாக்கிய அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பீளமேடு, கோயம்புத்தூர்.