மரத்துக்கு முதல் கூலி

திசையன்விளை
தை மாதம்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காமல் விடச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்.

வேலையை விட்டுவிட்டுப் பனையோலைப் பெட்டி முடைகிற தொழிலில் இறங்கியிருக்கிறாயே, கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். நீ கேட்டால் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும்.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது நம் பக்கத்து மிட்டாய்க் கடைகளில் கொஞ்ச நாள் ஓலைக் கொட்டானும் வாழையிலையும் புழங்கின. அப்புறம் பழையபடி கவர்தான். கேட்கிற நேரத்தில் பெட்டி கிடைத்தால் கடைக்காரர் ஏன் கவருக்குப் போகிறார் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஓலை தேடி, பனை நிற்கிற தோட்டமான விளை விளையாக அலைந்த பிறகு, கவலையெல்லாம் பனை மேலேயே வந்துவிட்டது. செங்கல் சூளைக்கு எவ்வளவு பனை போயிருக்கிறது தெரியுமா! பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் ஏற ஆளில்லாமல், காலணா வரும்படி இல்லாமல் நிற்கிற மரத்தை விளைக்காரர் எத்தனை காலம் காப்பாற்றுவார்? சில நூறு ரூபாய்க்குப் போகிற அந்த மரம் பதநீர் தருகிற பருவத்துக்கு வர பதினைந்து இருபது வருஷம் ஆகும்.

அதனால் எங்கள் முதல் செலவு மரத்துக்குத்தான். வடலிக்கும் வளர்ந்த பனைக்கும் வருஷக் குத்தகையை முன்னாடியே விளைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறோம். மரத்தை விற்கக் கூடாது என்பது பேச்சு. குருத்தையும் ஒட்ட எடுப்பதில்லை, மரம் நலிந்துவிடும்.

முடைகிறவர்கள் 18 பெண்கள். மூத்த பெரியம்மா ஒருவர் ஓலை வகிர்வதை நீ பார்க்க வேண்டும், ஏட்டி! ஈர்க்கை உரித்துப் போட்டுவிட்டு, கத்தி முனையை ஓலையில் ஊன்றி ஒரே இழுப்பு. அளவுகோல் எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே அகலம். ஆனி ஆடிக் காற்றில் ஓலை விறைத்து, மடக்கும்போதே ஒடிந்துவிடும். அந்த மாதங்களில் ஓலையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, விடியுமுன்னே முடைந்துவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டி காயாமல் பூஞ்சை பிடிப்பதுதான் பெரிய தொல்லை. அதற்காகவே அடுப்படிக்கு மேலே பரண் போட்டு அடுக்கிவைக்கிறோம்.

சாயம் போட்டால் வெளியூரில் நன்றாகப் போகும் என்றார்கள். சாயம் காய்ச்சிய தண்ணீரை எங்கே கொண்டுபோய் ஊற்றுவது? நம் ஓடையில் அதைக் கலந்துவிட்டு மண்ணைக் காக்கிறோம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளோலை நிறமே போதும். முறுக்கு, கருப்பட்டி மிட்டாய் எல்லாம் பெட்டியில் அழகாக உட்கார்ந்துவிடுகின்றன. அல்வாவுக்குத்தான் நெய் கசியாமல் உள்ளே வாட்டிய வாழையிலை விரிக்க வேண்டியிருக்கிறது.

பதிவு விஷயத்தில் கொஞ்சம் குழம்பினோம். கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவில் பதிந்தால் நன்கொடை கேட்க வசதி, ஆனால் லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் பத்துப் பேர் சேர்ந்தாலே பதியலாம். கைத்தொழில்காரர்களுக்கும் அதில் இடம் உண்டு, மிஞ்சுவது அவர்களுக்கே போகும். மணப்பாட்டில் பெண்கள் பனையோலை வேலைக்குக் கூட்டுறவுச் சங்கமே நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்ததால், நம் பெண்களும் சொந்தக்காரர்களாகவே இருப்போம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

கஷ்டம் எங்கே என்றால், கடன் சரக்கில். டவுனில் ஒரு பெரிய கடை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. சனிக்கிழமை கூலி நிற்கக் கூடாதே என்று என் வளையலை அடகு வைத்தேன். இப்போது கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பெட்டி எடுத்துச் செய்கிறோம். பாதிப் பணம் முன்னாடியே வந்துவிடுகிறது. தை பிறந்ததிலிருந்து கை ஓயவில்லை. கட்டுப்படியாகுமா என்றால், கூலியும் குத்தகையும் போக எனக்கென்று இன்னும் பெரிதாக மிஞ்சவில்லை. ஆனால் குத்தகை கொடுத்த விளைகளில் சூளை லாரி நுழையவில்லை.

நீ ஆடிட்டர் ஆபீஸில் இத்தனை வருஷம் கணக்குப் பார்த்தவள். எங்கள் விலைப் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டி வாடகை, கட்டுச் செலவு எதில் குறைக்கலாம் என்று பார்த்து எழுது. குத்தகையிலும் கூலியிலும் மட்டும் கைவைக்கச் சொல்லாதே.

அன்புடன்,
வள்ளி